சிதினாவின் மூடுகல்

எங்கள் கிறிஸ்தவச் சபைக் கூடத்தை அரசு ஆட்கள் இடித்த மறுநாள் டீக்கன் மிக்கின் என் வீட்டுக்கு வந்தார். தாடியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"புத்தகம் உங்கிட்டதான இருக்கு?"

"ஆமா ஐயா."

"எங்கயாவது வச்சிடு. எங்கன்னு எங்கிட்ட சொல்லாத. உன் மாமியார்கிட்டயும் சொல்லாத. நாளைக்கு என் விலாவுல கொக்கி போட்டு இழுத்தா நான் என்ன உளறுவேன்னு எனக்கே தெரியாது. தெரியாத விஷயத்த உளற முடியாது பாரு."

சபையில் நான் வாசகன். கார்த்தேஜில் நான்கு வருடம் சொற்கலை படித்தவன் என்பதால் கிடைத்த பொறுப்பு. ஞாயிறன்று எழுந்து நின்று வாசிப்பேன். மற்ற ஆறு நாளும் புத்தகம் என் வீட்டில் இருக்கும். நான்கு சுவிசேஷங்களும் ஒரே கட்டாக, தோல் ஏடுகளில். எங்கள் ஊருக்கு வேறு பிரதி கிடையாது.

புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும், எரிக்க வேண்டும் என்பது பேரரசரின் உத்தரவு. ஒப்படைக்காதவனுக்குச் சிறை. பிறகு மாகாணத் தலைநகரான சிர்த்தாவில் விசாரணை. சிர்த்தாவுக்குப் போனவர்களில் யாரும் திரும்பவில்லை. ஒப்படைத்தவனுக்கு எங்கள் ஆட்களே ஒரு தண்டனை வைத்திருந்தார்கள். சபையில் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். எங்கள் இடுகாட்டில் அவனைப் புதைக்க மாட்டார்கள்.

மிக்கின் வாசலில் நின்று அதையும் சொன்னார். "சிதினா பக்கத்துல உனக்கு எடம் இருக்கு. அத நெனச்சுக்க."

சிதினா என் மனைவி. போன கோடையில் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் இறந்தாள். இருபத்திரண்டு வயது. இரண்டு பேர் படுக்கும் அகலத்தில் கற்பெட்டி செய்யச் சொன்னேன். மூடுகல்லின் இடது பாதியில் அவள் பெயர். வலது பாதியில் எதுவும் வெட்டவில்லை. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் செய்து வைத்திருந்த ஏற்பாடு அது ஒன்றுதான்.

அன்று மத்தியானமே இடுகாட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் செய்தால் யாரும் கவனிப்பதில்லை. கடப்பாரை, சுண்ணாம்புச் சட்டி, துணியில் சுற்றிய புத்தகம். வாசலில் இருந்த நகரக் காவலனிடம் விரிசல் பூசப் போகிறேன் என்றேன். அவன் கொட்டாவி விட்டான்.

வலது பாதியில், எனக்கான இடத்தில் வைக்கத்தான் நினைத்தேன். அந்தப் பக்கம் பூச்சு இறுகியிருந்தது. தலைமாட்டில் இடது மூலை மட்டும் ஒரு சாண் எழும்பியது. உள்ளே பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் விட்டேன். கை போன இடத்தில் புத்தகத்தை விட்டுவிட்டுக் கல்லை இறக்கினேன். ஓரத்தைப் பூசினேன்.

எங்கள் மூடுகற்களில் தலைமாட்டில் ஒரு துளை இருக்கும். அதிலிருந்து ஒரு மண்குழாய் உள்ளே போகும். வருட நினைவு நாளில் கல்லின் மேல் விரிப்புப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டு, இறந்தவருக்குள்ள பங்கைத் துளையில் ஊற்றுவோம். சிதினாவின் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆனால் இந்த வருடம் இடுகாட்டில் கூடக்கூடாது என்று உத்தரவு. யாரும் ஊற்றப் போவதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இத்திபால் வந்தான். நகர அதிகாரி. கார்த்தேஜில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். பின்னால் ஓர் எழுத்தரும் நான்கு காவலர்களும்.

"என்னடா பாரிக், பாதியாயிட்ட. சாப்பிடுறியா இல்லையா?"

"சாப்பிடுறேன்."

"பொய்யி. படிக்கிறப்பவே உனக்குப் பொய் வராது. சரி, அந்தப் புத்தகத்தக் குடு. நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

அலமாரியிலிருந்து ஒரு மருத்துவ நூலை எடுத்துக் கொடுத்தேன். சிதினாவின் காய்ச்சலுக்காக வாங்கியது. ஒன்பது நாளும் அதைப் படித்தேன். இத்திபால் நடுவில் பிரித்து, எழுத்தருக்குக் கேட்காதபடி வாசித்தான்.

"'வயித்துக் கடுப்புக்கு மாதுளந்தோல்.' பரவாயில்லையே, உங்க கர்த்தர் இதெல்லாமா சொல்லியிருக்காரு?"

அவன் நூலை மூடி எழுத்தரைப் பார்த்தான்.

"எழுதிக்கய்யா. வாசகன் பாரிக் ஒப்படைத்தது, பெரிய புத்தகம், ஒன்று."

எழுத்தர் எழுதினார். நான் திருத்தவில்லை.

இந்த வீட்டில் என்னோடு சிதினாவின் அம்மா ரொகாத்தா இருந்தாள். மகள் போன பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. நினைவு நாளுக்கு முதல் நாள் கஞ்சிக்குக் கோதுமையை ஊறப்போட்டிருந்தாள்.

"அத்தை, இந்த வருஷம் வேண்டாம். கூட்டம் கூடக்கூடாதுன்னு உத்தரவு."

"நான் ஒருத்தி போனா கூட்டமா மாப்ள? என்னப் பாத்தா பட்டாளம் மாதிரியா இருக்கு?"

"அடுத்த வருஷம் ரெண்டு பங்கா ஊத்திக்கலாம்."

"வருஷம் பூரா அவ நாக்கு வறண்டு கெடக்கட்டுங்கிறியா? காய்ச்சல்ல என்ன கேட்டா அவ? தண்ணிதான கேட்டா. வைத்தியன் குடுக்கக்கூடாதுன்னான். நீயும் வைத்தியப் புத்தகத்தப் பாத்து ஆமான்ன. நான் குடுக்கல."

பிறகு அடுப்படிக்குப் போனாள். சம்மதித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

காலையில் அவள் படுக்கை சுருட்டியிருந்தது. கஞ்சிப் பானை இல்லை. திராட்சரசக் குடம் இல்லை. ஓடினேன்.

இடுகாட்டில் அவள் கல்லின் மேல் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பக்கத்துக் கல்லறையின் மேல் இத்திபால். மடியில் அவள் கொடுத்த கஞ்சிக் கிண்ணம்.

"வாடா. உன் மாமியார் கைப்பக்குவம் இன்னும் மாறல" என்றான். ரொகாத்தா சிரிக்கவில்லை. பசித்தவன் யாரானாலும் நினைவு நாளில் சோறு உண்டு என்பது எங்கள் வழக்கம். அதனால் கொடுத்திருந்தாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சிர்த்தாவுல இருந்து ஆள் வந்தாச்சு. நம்ம மாதுளந்தோல் கணக்க அவன் நம்பல, அங்க யாருக்கும் வயித்துக் கடுப்பு இல்லையாம். இப்ப உன் வீட்டத் தோண்டிக்கிட்டிருக்காங்க. கெடைக்கலேன்னா நல்லது. கெடைச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கெடைக்காது."

"அவ்வளவு தைரியமா சொல்ற." அவன் பார்வை மூடுகல்லின் ஓரத்துக்குப் போனது. விரலை நீட்டிப் பூச்சைத் தடவினான். "புதுசா பூசியிருக்க."

"விரிசல்."

"ம்."

ரொகாத்தா குடத்தைத் தூக்கினாள். துளையை மூடியிருந்த கூழாங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அத்தை" என்றேன்.

"என்ன?"

இத்திபால் மெல்லுவதை நிறுத்தினான். என் முகத்தையே பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சமா ஊத்துங்க."

"ஏன், அவ கொஞ்சமாவா குடிப்பா? கல்யாணத்தன்னிக்கு உன் பங்கையும் சேத்துக் குடிச்சவதான?"

ஒரு வருடத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். ஊற்றத் தொடங்கினாள். நல்ல ரசம். தேன் கலந்திருந்தாள், தூரத்திலிருந்தே வாசம் வந்தது. அடக்கம் செய்த நாளில் ஊற்றியபோது உள்ளே கல்லில் விழுந்து தெறித்த சத்தம் கேட்டது. இப்போது அந்தச் சத்தம் இல்லை. மெத்தென்ற எதிலோ இறங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கும் அது கேட்டது. குனிந்து கல்லில் காதை வைத்தாள்.

"மடக்கு மடக்குன்னு குடிக்கிறா மாப்ள. எவ்வளவு தாகம் பாரு எம்புள்ளைக்கு."

குடம் முழுவதும் ஊற்றினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். இத்திபால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு தாயை அப்படிப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம்.

சற்று நேரத்தில் ஒரு காவலன் ஓடி வந்து வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை என்றான். இத்திபால் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான்.

"அப்ப முடிஞ்சுது. நீ ஒப்படைச்ச, நான் எரிச்சேன். அப்படியே எழுதிடுறேன். சிர்த்தாக்காரன் பேசாமப் போயிடுவான்." என் தோளைத் தட்டினான். "உயிரோட இருடா. அவளும் அதத்தான் சொல்லியிருப்பா."

மறுநாள் சந்தைத் தூணில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. வாசகன் பாரிக் கிறிஸ்தவர்களின் புத்தகத்தை ஒப்படைத்தான், அது எரிக்கப்பட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்கு யாரோ உரக்கப் படித்துக் காட்டினார்கள்.

சாயங்காலம் மிக்கின் வந்தார்.

"தூணுல படிச்சேன்."

"அது மருத்துவ நூல் ஐயா."

"அப்ப நம்ம புத்தகத்தக் கொண்டா. நாளைக்கு நெசவுக்காரன் வீட்டு மாடியில பதினஞ்சு பேரு வருவாங்க. ஒரு தடவ கண்ணால பாத்தாப் போதும். யாரும் உன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க."

உள்வாசலில் ரொகாத்தா நின்றிருந்தாள். "கொண்டு வருவான். எம்மாப்ளைய எனக்குத் தெரியும்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் கடப்பாரையோடு போனேன். மூலையைக் கிளப்பிக் கையை விட்டேன். துணி பிசுபிசுத்தது. குழாயின் வாய்க்கு நேர் கீழே இருந்திருக்கிறது. வெளியே எடுத்து மடியில் வைத்துப் பிரித்தேன். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரிந்தவற்றில் மை கரைந்து ஓடி, தோல் முழுக்க ஊதாவாக இருந்தது. ஓரிரு இடத்தில் ஓர் எழுத்து, அரை எழுத்து. உள்ளே போன எறும்புகள் வரிசையாக வெளியே வந்தன.

அதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் போதும். நான் ஒப்படைக்கவில்லை என்று தெரிந்துவிடும். என் பெயர் இருக்கும். என் இடம் இருக்கும். எங்கே வைத்தாய் என்று மிக்கின் கேட்பார். சொல்ல வேண்டும். ரொகாத்தா அங்கே இருப்பாள். கல்லில் காதை வைத்து அவள் கேட்டது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு அதைத் துணியில் சுற்றி உள்ளே தள்ளினேன். கல்லை இறக்கிப் பூசினேன்.

நெசவுக்காரன் மாடியில் பதினைந்து பேர் இருந்தார்கள். வெறுங்கையோடு போய் நின்றேன்.

"எங்க தம்பி?" என்றார் மிக்கின்.

"குடுத்துட்டேன்."

"மருத்துவ நூலுன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரொகாத்தா எழுந்து வந்தாள். என் முகத்தில் துப்பினாள். துடைக்காமல் நின்றேன்.

"எம்பொண்ணு பக்கத்துல நீ படுக்கக்கூடாது. அந்த எடம் எனக்கு."

"சரி அத்தை."

"அத்தைன்னு கூப்பிடாத."

அவள் இப்போது மிக்கின் வீட்டில் இருக்கிறாள். அந்தச் சுவிசேஷங்களில் மத்தேயு பாதி எனக்கு மனப்பாடம். யாரும் கேட்டு வரவில்லை.

கல்வெட்டுபவன் வலது பாதியில் ரொகாத்தாவின் பெயரை வெட்டிவிட்டான் என்று இத்திபால் சொன்னான். அவன் மட்டும் என்னோடு பேசுகிறான். நேற்று சந்தையில் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அடுத்த உத்தரவு வருதுடா. இந்தத் தடவ புத்தகம் இல்ல. ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் எங்க தெய்வங்களோட பலிபீடத்துல தூபம் போடணும், கெழவிங்க உட்பட. மாட்டேன்னா சாவுதான். உனக்கென்ன கவலை, உன் பேரு எங்க பட்டியல்ல சுத்தமா இருக்கு." பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான். "உன் மாமியார் போடுவாளா?"

கல்லில் அவள் பெயருக்குக் கீழே இறக்கும் நாளுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறதாம்.