தகப்பன் செடி

செத்துப்போன நாறும்பூநாத பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவரைப் போலவே ஆர்க்கிட் வளர்க்கிற கூட்டாளி கைலாசம் மட்டும் அங்கே நிற்காமல் புறவாசல் பக்கம் நழுவுவதை உலகம்மாள் பார்த்துவிட்டாள். புருஷனை அப்படியே விட்டு, அழுது வீங்கிய முகத்தோடு பின்னாலேயே போனாள்.

நினைத்தது சரிதான். கொய்யா மரத்தில் தொங்கிய ஆர்க்கிட் தொட்டியை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பூத்துவிட்டதா என்று பிள்ளை கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த மொட்டு இன்று காலையில்தான் விரிந்திருந்தது.

"இதுக்கு அப்பன் எதுன்னு சொன்னாரா தங்கச்சி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி."

அவளுக்கா தெரியாது! பாபநாசம் மலையிலிருந்து வந்த வெள்ளைப் பூவில் வேறொரு செடியின் மகரந்தத்தை ஈர்க்குச்சி நுனியால் ஒட்டியதே அவள்தான். அன்றைக்குப் பிள்ளைக்குக் கை நடுங்கியது. விதையைத் தாய்ச்செடியின் வேரடியிலேயே தூவினார்கள். பிழைத்தது இது ஒன்றுதான், அதே தொட்டியில் தாயோடு நிற்கிறது. ஆகவே தாய் எதுவென்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். தகப்பன் எதுவென்று கலந்தவர் சொன்னால்தான் உண்டு. கலப்புச் செடி முதல் பூ பூத்ததும் தாய் தகப்பன் இரண்டையும் குறித்துச் சீமையிலுள்ள ஆர்க்கிட் சங்கத்துக்கு எழுதவேண்டும். யார் முந்துகிறாரோ அவர் வைத்ததுதான் பெயர். நம் பெயரையே வைத்துவிடுவோம் என்று பிள்ளை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாடை கட்டுமுன்னே அதைத் தட்டிப் பறிக்க வந்துவிட்டாரே இந்த மனிதர்!

"நீங்க உள்ள போங்க" என்றாள். கைலாசம் தொட்டியை விட்டுவிட்டு உள்ளே போனார்.

அப்புறம்தான் பூவைச் சரியாகப் பார்த்தாள். வெள்ளை இதழ். தொண்டையில் மை தொட்டு வைத்தது போல ஒரு கறுப்புப் பொட்டு.

அந்தப் பொட்டு பாளையங்கோட்டையிலேயே ஒரு செடிக்குத்தான் உண்டு. கைலாசம் ரங்கூனிலிருந்து வரவழைத்த செடி அது. அதன் மகரந்தத்தைப் பிள்ளை கெஞ்சிக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. இந்த விதைக்காகக் கலந்த வருஷம் தன் பூவில் மகரந்தத்தை எறும்பு தின்றுவிட்டது என்று வந்து புலம்பினார். அதற்கு முந்தின நாள்தான் பிள்ளை வெற்றிலையில் அந்த மகரந்தத்தை மடித்துக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் கேட்டு வாங்கியதாக அவளிடம் சொன்னார். கை நடுக்கத்தை அவள் ஆசை என்று நினைத்திருந்தாள்.

உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்துக் கிடக்கிறவர்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பூவை நகத்தால் கிள்ளினாள். உள்ளே கொண்டுபோய்ப் புருஷன் நெஞ்சின்மேல் பொட்டு தெரியாமல் கவிழ்த்து வைத்தாள். அவரோடு சேர்ந்து எரிந்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை.

வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்தார்கள். கைலாசமும் வந்து போட்டார். போட்டவர் நகரவில்லை. குனிந்து அந்தப் பூவை எடுத்து நிமிர்த்தி, தொண்டைப் பொட்டைப் பார்த்தார். உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் நிமிர்ந்தபோது, கைலாசம் பூவை அவள் வைத்திருந்தபடியே கவிழ்த்து வைத்து, பிள்ளையின் மாலையை அதன்மேல் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.