யார் பக்கத்து ரத்தம்

...இன்னும் ஊது, இன்னும், நிறுத்தாதே, என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நர்ஸ் பியாட்ரிஸ் கையைத் தட்டித் தட்டிக் கத்துவது வாயசைவிலேயே தெரிகிறது, மகள் யாரெலிஸ் கன்னம் இரண்டும் உப்ப அந்த மூச்சளக்கும் குழாயைக் கடித்துக்கொண்டு ஊதுகிறாள், எட்டு வயசுக்காரிக்கு மூச்சு விடுவதுகூடப் பரீட்சையா... நெரெய்தா நாற்காலி நுனியில் உட்கார்ந்து தானும் சேர்ந்து ஊதுவதைப் பார்த்துக் கணவன் எவரிஸ்தோ அவள் தோளில் கை வைத்தான், பேக்கரி வேலை முடிந்து நேராக வந்திருக்கிறான், சட்டையெல்லாம் மாவு. அவனுக்கென்ன, மெக்சிகோக்காரன், இரும்பு நெஞ்சு. அப்படித்தானே சொல்வாள் அவன் அம்மா ஒஃபேலியா, அடுப்பில் மிளகாயை வாட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "எங்க புவேப்லா பக்கம் யாருக்காவது இழுத்திருக்கா? எல்லாம் உங்க தீவுலேருந்து நீ கொண்டு வந்த சீர்வரிசை." அந்தப் புகையில் குழந்தை இருமும், ஜன்னலைத் திறந்தால் கீழே லாரி வரிசை, மூடினால் சுவரெல்லாம் பூஞ்சை, ப்ராங்ஸில் இந்த வாடகைக்கு வேறெங்கே போவது...

ஆனால் கிழவி சொல்வது பொய்யா? நெரெய்தாவின் அண்ணன் எஃப்ராயின், போர்த்தோரிக்கோவில், அவர்கள் ஊர் பொன்ஸேயில், பந்து விளையாடப் போனவன் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான், பதினைந்து வயசு, கையில் காலியான மூச்சு மருந்துப் பம்ப், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி... அவள்தான் பார்த்தாள். யாரெலிஸ் பிறந்து முதல் இருமல் இருமியபோதே அடிவயிறு சொல்லிவிட்டது, என் வழியாக வந்திருக்கிறது என்று. பியாட்ரிஸ் வெளியே வந்து குழந்தை கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றாள், இந்த ஆராய்ச்சிக்காரர்கள் எதற்குக் குடும்பத்தோடு ரத்தம் கேட்கிறார்கள் என்றும் சொன்னாள், "நம்ம எல்லாரையும் லத்தீன் அமெரிக்கர்னு ஒரே கூடையில போட்டுடறாங்க. ஆனா போர்த்தோரிக்கோ பிள்ளைங்களுக்கு ஆஸ்துமா ஜாஸ்தி, மெக்சிகோ பிள்ளைங்களுக்குக் கம்மி. ஆப்பிரிக்கா, ஸ்பெயின், பூர்வகுடின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கலவை வேற. அதுல எது நெஞ்சை இறுக்குது, எது காப்பாத்துதுன்னு தேடறாங்க. லாரிப் புகை மட்டும் ரத்தத்துல தெரியாது கண்ணு, அதை வேற இடத்துலதான் தேடணும்." சிரித்தாள். நெரெய்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை, எந்தப் பாட்டனின் பங்கு, அடிமையாகக் கப்பலில் வந்தவனுடையதா, சாட்டையோடு வந்தவனுடையதா, எவனுடையதானாலும் கடைசியில் கொடுத்தது அவள் கைதானே...

குடும்பத்தில் வேறு யாருக்காவது இழுப்பு உண்டா என்று பியாட்ரிஸ் கேட்க, நெரெய்தா அண்ணனைச் சொன்னாள். "உங்க பக்கம்?" எவரிஸ்தோ தொப்பியைக் கையில் சுற்றினான், சுற்றிக்கொண்டே இருந்தான். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. அமாலியா. நாலு வயசு. நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போடும். கண்ணு பட்டுருச்சுன்னு முட்டை சுத்திப் போட்டாங்க... மழையில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பாதி வழியில சத்தம் நின்னுடுச்சு." பத்து வருஷம் ஒரே படுக்கை, ஒரு வார்த்தை சொன்னதில்லை இவன். "ஏன் என்கிட்ட சொல்லல?" "அம்மா அந்தப் பேரை எடுக்கவே விடமாட்டா நேரி. நீயும் கேட்டுடாத, தாங்கமாட்டா."

அப்போது நெஞ்சுக்குள் ஏதோ லேசாயிற்று, அப்பாடா, அவர்கள் பக்கமும் உண்டு, நான் மட்டும் இல்லை... ஒரு கணம்தான், ஒன்றா ஒன்றரைக் கணமா, அதற்குள் அது என்னவென்று விளங்கிவிட்டது. சந்தோஷம். நாலு வயசுக் குழந்தை அண்ணன் பார்க்க மூச்சடங்கியதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாள், தானும் அப்படியொரு அண்ணனைப் பார்த்தவள். எவரிஸ்தோவின் கையைப் பிடிக்க நினைத்தாள், கை எழவில்லை. யாரெலிஸ் வந்து மடியில் சாய்ந்து, "யாருக்கும்மா ஊசி, எனக்கா?" என்றாள், மூணு பேருக்கும் என்று பியாட்ரிஸ் சொல்ல நெரெய்தா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். மத்தியானம் வீட்டுக்குப் போனதும் கிழவி கேட்பாள், என்ன சொன்னாங்க, உங்க தீவுச் சமாச்சாரம்தானே என்று. திருப்பி அடிக்க இப்போது இவளிடமும் ஒரு பெயர் இருக்கிறது... அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கத் தன்னால் முடியுமா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.