பெயர் மட்டும் தனியாக

நெல்லிக்குளத்தில் கம்பெனிப் பெயர் பதித்த கேமராவில் எடுத்தால்தான் படத்தில் முகம் விழும். பெயர் இல்லாத கேமராவில் கழுத்து வரைக்கும் வரும். அதற்கு மேல் பின்னால் இருக்கும் சுவர் தெரியும். இரண்டும் ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையில் பொருத்தப்படுபவை. லென்ஸ் ஒன்று, பொத்தான் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் அளவும் ஒன்று. ஒன்றின் நெற்றியில் வெள்ளி எழுத்தில் பெயர் இருக்கும். விலை நான்கு மடங்கு. அதிலும் ஓர் ஆளின் முகம் ஒரு தடவைதான் விழும். பிரதி வராது.

ஊரில் முக்கால்வாசி வீடுகளில் மலிவான கேமராதான். கல்யாண ஆல்பத்தில் சேலைக் கரையையும் கைக்கடிகாரத்தையும் வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள். இறந்தவர் படத்தில் சந்தனப் பொட்டை, நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், சுவரின் மேல் வைப்பார்கள்.

குடிநீர் வாரியத்தில் மீட்டர் குறிக்கும் சங்கரநயினாரின் மனைவி வேலம்மைக்கு டாக்டர் ஐப்பசி வரை நாள் கொடுத்திருந்தார். புரட்டாசி நடந்துகொண்டிருந்தது.

“எங்கம்மைக்குச் செவுத்துலதான் பொட்டு வச்சாங்க,” என்றாள் வேலம்மை. “கும்பிடும்போதெல்லாம் சுண்ணாம்பைத்தான் கும்பிடுதேன். எனக்கு முகம் வேணும்.”

சங்கரநயினார் தன் கேமராவை எடுத்துக்கொண்டு ஐசக்கின் கேமரா கடைக்குப் போனார்.

“கேமராவ மாத்த வேண்டாம் அண்ணாச்சி,” என்றார் ஐசக். “உங்கள்ட்ட இருக்கதும் அதே சாமான்தான். பேர மட்டும் தனியா வாங்கிக்கிடுங்க.”

விலையைக் கேட்டதும் சங்கரநயினார் எழுந்தார்.

“உக்காருங்க. தீபாவளி வரைக்கும் எக்ஸ்சேஞ்ச் இருக்கு. பழைய பேரக் குடுத்துட்டுப் புதுப் பேர எடுத்துட்டுப் போலாம்.”

“என்ட்டப் பழைய பேர் ஏது?”

“ஐம்பத்தாறு வருசமாப் போட்டுக்கிட்டுத் திரியுதீங்களே. இனிஷியலையும் சேத்துக் குடுத்தா கேமரா பை ஒண்ணு இலவசம்.”

சங்கரநயினார் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். ஐசக் அந்தப் பழைய பெயரைத் துணியால் துடைத்து, கண்ணாடிப் பெட்டியில் கால்குலேட்டர்களுக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளி எழுத்துகளைக் கேமராவில் ஒட்டி, பசை காயும்வரை வாயால் ஊதினார்.

வீட்டுக்கு வந்து அவர் நடந்ததைச் சொன்னார்.

“போகுது. நான் என்னைக்கு உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்,” என்றாள் வேலம்மை. தலை சீவி, மூக்குத்தியைத் திருகிச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் முழுதாக விழுந்தது. இடது புருவத்துத் தழும்புகூட வந்திருந்தது. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டாள். ஐப்பசி நான்காம் தேதி இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தென்காசியிலிருந்து ஒரு மரக்கடை முதலாளி காரில் வந்தார். தன் சொந்தப் பெயரில் எந்த வங்கியும் கடன் தராததால், ஐசக் கடையில் இருந்த பெயரை அவர்தான் வாங்கியிருந்தார். வேலம்மையின் கணவர் சங்கரநயினார் யார் என்று குருக்கள் கேட்டதும், முதலாளி சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தார். அழவேண்டிய இடத்தில் அழுதார். மீட்டர்காரர் தெருக்காரர்களோடு வரிசையில் நின்று பூப் போட்டார்.

சாப்பாடு முடிந்ததும் முதலாளி ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார்.

“தப்பா நினைக்காதீங்க. பொண்டாட்டி படம் புருசன் வீட்டுலதான இருக்கணும்.”

“ஆமா,” என்றார் மீட்டர்காரர். கண்ணாடி கீறாதபடி படத்தை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

“நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?”

“போட்டோ எடுத்தேன்.”

“எந்தக் கேமரா?”

மீட்டர்காரர் கேமராவின் பெயரைச் சொன்னார்.

“அப்ப சரி,” என்றார் முதலாளி.

படத்தைப் பின் இருக்கையில் சாய்த்து வைத்தார்கள். கார் நகரும்போது துண்டுக்குள்ளிருந்து வேலம்மை, “இந்தாங்க, மோட்டார் ஓடிக்கிட்டே கிடக்கு. தொட்டி வழியுது,” என்றாள்.

மீட்டர்காரர் உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார்.