மாப்பிள்ளை கூப்பிடுகிறார்

டிரைவரை அதிகாரி தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு சுதந்திர தினம். கொடியேத்த மந்திரி வர்றார். வாசல்ல உக்காந்திருக்கிற பொம்பளைங்க அவர் கண்ணுல படக்கூடாது. போலீஸ் கை வெச்சா ஊரே படம் புடிக்கும். முன்னாடி உக்காந்திருக்கிறது உன் மாமியார்தானே? நீ கூப்பிட்டா வருவாங்க."

விசாரணைக்கென்று போலீஸ் கூட்டிப்போக, பிணமாகத் திரும்பிய பிள்ளைகளின் தாய்மார்கள், பதினொரு பேர், நாற்பது நாளாக அந்த வாசலில் நியாயம் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரின் மச்சானும் அப்படித் திரும்பியவன்தான். அவன் பாடையைச் சுமந்த தோள்களில் ஒன்று இவனுடையது. ஆனால் இவன் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அதிகாரியின் மேஜையில் கிடந்தது. பூம்பூம் மாடாகத் தலையாட்டிவிட்டு வந்தான்.

காலையில் வேனை வாசலில் நிறுத்தினான்.

"அத்தை, மந்திரி உங்களத் தனியாப் பார்க்கிறாராம். ஊருக்கு வெளிய, விருந்தினர் மாளிகையில."

தாய்மார்களில், சட்டம் பேசுவதால் 'வக்கீலம்மா' என்று பெயர் வாங்கியிருந்தவள் தயங்கினாள். "எழுத்துல ஏதாவது குடுத்தாங்களா?"

"என் மாப்பிள்ளை கூப்பிடுறார். அதுக்கு மேல என்னடி எழுத்து? ஏறுங்க" என்றாள் மாமியார். மகனின் படத்தை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாளிகை பூட்டிக் கிடந்தது. வெயில் ஏறியது. டிரைவர் போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தான். காவலாளியின் ரேடியோவில் திடீரென மந்திரியின் குரல்: "இந்த மண்ணில் இனி யாரும் அடிமையில்லை!" கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

வக்கீலம்மா அவன் முன்னால் வந்து நின்றாள். "உனக்குத் தெரியும்ல?"

"அவர ஏன்டி கேக்குற? அவரையும்தான் ஏமாத்திட்டாங்க. பச்சத் தண்ணி குடிக்காம நிக்கிறார் பாரு" என்று மாமியார் குறுக்கே வந்தாள்.

அவன் "ஆமா" என்றான். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வந்தபோது வாசல் கழுவிவிடப்பட்டிருந்தது. அவர்களுடைய பாயும் இல்லை, பதாகையும் இல்லை. எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக மாமியார் எழுந்தாள்.

"அத்தை... எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "சரிங்க" என்றாள். மாப்பிள்ளை என்று சேர்த்துச் சொல்லவில்லை. ஈரத் தரையிலேயே போய் உட்கார்ந்தாள்.

மகளைப் பார்க்க வருவதை அவள் நிறுத்தவில்லை. அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள்.