முழுசாக ஒன்று

"எனக்கு முழுசா ஒண்ணு வேணும்."

அம்மாவின் கத்தி ஆப்பிள் மேல் அப்படியே நின்றது. சாப்பாட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்பது எனக்குப் பேச்சு வருமுன்பே போட்ட சட்டம். எங்கள் வீட்டில் துண்டுகள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும். நடுத்தண்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் சதை அம்மாவுக்கும் எனக்கும். அதுதான் ருசி என்று சொல்லி வளர்த்தாள். கல்லூரி விடுதிக்குப் போகும்வரை நம்பினேன்.

"பட்டம் வாங்கினா முழுப் பழம் கேக்கச் சொல்லுதோ?" என்றான் அண்ணன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீயும் பாஸ் பண்ணு. ரெண்டு தர்றேன்."

என் ஆபீசில் ஒருத்தி தன்னோடு அறையில் தங்க ஆள் தேடுகிறாள். இன்று பதில் சொல்ல வேண்டும். வீட்டை விட்டு ஓட எனக்கு வெறி இல்லை. இங்கே நானும் ஓர் ஆள்தானா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

நாலு பேர், நாலு பழம். முழுசாகச் சுட்டால் ஆளுக்கு ஒன்று வைத்துத்தான் ஆக வேண்டும். அம்மா கையிலிருந்து பழத்தை வாங்கினேன். அடியில் ஓட்டை விழாமல் கரண்டியால் ஒவ்வொன்றின் நடுவையும் குடைந்து, தண்டைக் குப்பையில் போட்டேன். அம்மா அதை எடுக்கக் குனிந்தாள்.

"விடும்மா."

சர்க்கரையை வாணலியில் பரப்பி, அடுப்பைத் தணித்தேன். கிளறக் கூடாது, வாணலியைச் சாய்த்துக் கொடுத்தால் போதும். ஓரம் இளகித் தேன் நிறமானது. பிறகு டிகாஷன் நிறம்.

"கருகுதுடி."

"இதுதான் பதம்."

வெண்ணெய் விழுந்ததும் சீறிக்கொண்டு நுரைத்தது. பாகைப் பழங்களின் குழிகளில் ஊற்றி ஓவனில் வைத்தேன். வாசனைக்கு அப்பாவே பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். தோல் சுருங்கி வெடிக்க, பாகு வழிந்து தட்டில் கொப்பளித்தது. அம்மா ஓவன் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்தேவிட்டாள். ஒரு பழத்தை அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்து நான் கண்டதில்லை.

பரிமாறும்போது அண்ணனின் சிநேகிதன் வந்தான். ஒட்டடைக்குச்சி என்போம். அம்மா யோசிக்கவே இல்லை. தன் தட்டை அவனுக்கு நீட்டினாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணைப் பாதியாக்கிக்கோங்க," என்றார் அப்பா, அம்மாவையும் என்னையும் பார்த்து. ஒன்று என்றால் என்னுடையது.

"அண்ணனோட ஃப்ரெண்டுதானே? அண்ணன் பாதி தரட்டும்," என்றேன்.

"வந்தவன் முன்னாடி மானத்தை வாங்காதே."

"சும்மா சொல்லக் கூடாது தங்கச்சி, பிரமாதம்," என்றான் ஒட்டடைக்குச்சி, வாய் நிறைய. அண்ணன் தன் தட்டை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். கரண்டி தோலில் ஒரு நொடி தயங்கி உள்ளே இறங்கியது. பழம் வெண்ணெயாகக் குழைந்திருந்தது. முதலில் கசப்பு, அதன் பின்னால் இனிப்பு, கடைசியில் பழத்தின் புளிப்பு. அவசரப்படவில்லை. ஒரு கரண்டி எடுத்து அம்மாவிடம் நீட்டினேன்.

"நீதானே கேட்டே. நீயே தின்னு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தின்றேன், முழுசாக. வழித்தும் எடுத்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பையை எடுத்தேன்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் அப்பா.

"ரூம் பாக்க."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. வர்றேன்னு சொல்லிடப் போறேன்."

அண்ணன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

"ஓவனை அணைச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

"அணைச்சிட்டேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.