இணைச்சீருக்குக் கிளம்பாத கார்

கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்தே, தம்பியின் இணைச்சீருக்குத் தான்தான் நிற்கப்போகிறோம் என்று ராசாத்தாள் நினைத்திருந்தாள். அதை யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. மூத்தவள் இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது? அந்தச் சீரில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூறைப்புடவைப் பேழையோடு உடன்பிறந்தவள் நிற்க வேண்டும். தம்பி மனோஜ்குமாரை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்.

பத்திரிகை அடித்த பிறகுதான் அம்மா மெதுவாகச் சொன்னாள். தம்பிக்குச் சின்னக்கா சாந்தாமணி நின்றால் தேவலை என்று இருக்கிறதாம். காலேஜ் படித்த மூன்று வருஷமும் கோயமுத்தூரில் அவள் வீட்டில்தானே சோறு தின்றான், அந்தப் பாசம். "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றாள். ராசாத்தாள் சிரித்தாள். யார் நின்றால் என்ன என்று சொன்னாள். அன்றிலிருந்து சாந்தாமணியின் பெயர் காதில் விழும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ ஒன்று இறுகியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள், இணைச்சீர் நடக்கிற அன்று மத்தியானம், பல்லடம் மண்டபத்து ஆபீஸ் அறையில் ஃபோன் அடித்தது. பக்கத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த ராசாத்தாள் எடுத்தாள். சாந்தாமணி.

"அக்கா, மச்சான் இருக்காருங்களா? கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

ராசாத்தாளின் புருஷன் லட்சுமணசாமி போத்தனூரில் ஆட்டோ எலக்ட்ரீசியன். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அவர் வண்டிக்குள் தலையை விட்டிருக்கும்போது வருகிற ஃபோன்களை எல்லாம் ராசாத்தாள்தான் எடுப்பாள். லைட் மங்குதுங்களா, ஹாரன் அடிக்குதுங்களா என்று வரிசையாகக் கேட்டு அவரிடம் சொல்லுவாள். பல தடவை, அவர் வாயைத் திறக்கும் முன்பே இன்னதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போதும் வாய் தானாகக் கேட்டது.

லைட் பளிச்சென்று எரிகிறதாம். ஹாரன் நன்றாக அடிக்கிறதாம். சாவியைத் திருப்பினால் மட்டும் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாந்தாமணியின் புருஷன் கிருபாசங்கர் பாட்டரி போய்விட்டது என்று பக்கத்து வீட்டு மாருதியின் பாட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்கிறார். அதற்கும் அதே டக்.

"இன்னொண்ணுங்க்கா. நாலஞ்சு தடவை திருப்புனதுல, ஸ்டியரிங் பக்கத்துல இழுக்கற அந்த சோக் குமிழ் இருக்குதில்ல, அது தொட முடியாமச் சுடுது."

அந்தக் கடைசி வார்த்தையில் ராசாத்தாளுக்கு விளங்கிவிட்டது. பாட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற தடித்த கறுப்பு ஒயர் விட்டுப்போயிருக்கிறது. இன்ஜினுக்கு எர்த் இல்லை. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், அந்தக் குமிழிலிருந்து இன்ஜினுக்குப் போகிற சோக் கம்பி வழியாக ஓடப் பார்க்கிறது, கம்பி சுடுகிறது. போல்ட்டைச் சுரண்டி முறுக்கினால் ஐந்து நிமிஷ வேலை.

ஜன்னலுக்கு வெளியே லட்சுமணசாமி ஏணிமேல் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் காது கேட்கும் தூரம்.

"மச்சான் வெளிய போயிருக்காரு அம்மணி" என்றாள். "வந்ததும் பேசச் சொல்றேன். நீ ஃபோனு பக்கத்துலயே இரு."

வைத்துவிட்டுத் திரும்ப வெற்றிலைக்கு வந்தாள். பொய் சொன்ன பயம்கூட இல்லாமல், நெடுநாள் கழித்து உள்ளே ஒரு குளிர்ச்சி. அவள் ஒன்றும் செய்துவிடவில்லையே. ஒயரைப் பிடுங்கினாளா என்ன? தானாக விட்டது. ஃபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் சாந்தாமணி பஸ்ஸுக்குப் போக மாட்டாள் என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்க்காமல் தள்ளிவைத்தாள்.

வெயில் சாய்ந்தது. சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் வந்து உட்கார்ந்து, இணைச்சீர்க்காரி எங்கே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். பெரியத்தை ஒருத்தி, பெரியவதான் இருக்கிறாளே, அவளை நிறுத்த வேண்டியதுதானே என்றாள். ராசாத்தாள் அதைக் கேட்காதவள்போல எழுந்து போய் முகம் கழுவினாள். பட்டுப்புடவையின் கொசுவத்தைச் சரி செய்தாள். கண்ணாடியில் பார்த்த முகம் அவளுக்கே பிடித்திருந்தது.

மறுபடி ஃபோன். ஓடிப்போய் எடுத்தாள்.

சாந்தாமணி அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது. பெரிய முகூர்த்தமாம், ஸ்டாண்டில் ஒரு டாக்சி இல்லை. இனி பஸ் ஏறினாலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெகு இதமாகச் சொன்னாள்:

"நீயே நின்னுருங்க்கா. நான் தம்பிகிட்டச் சொல்லிப்போடறேன், அவனைக் கூப்பிடு. நான் சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டான். நான் மனசாரத் தாரேன்."

ராசாத்தாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். தாரேன். இவள் சொன்னால் அவன் சரி என்பான். இவள் கொடுத்து, அவன் சம்மதித்து, அப்புறம் ராசாத்தாள் போய் நிற்க வேண்டும். நாளைக்குப் பந்தியில் எல்லோரும் பேசுவார்கள், சின்னவளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று. அவன் பேழைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாசலையே பார்ப்பான். மத்தியானத்திலிருந்து இருந்த குளிர்ச்சி போய், தொண்டைவரை தீயாக ஏறியது. அவள் விட்டுக்கொடுத்து எனக்கு வர வேண்டுமா?

"உன்ற மாப்பிள்ளைய ஃபோனுக்குக் கூப்பிடு" என்றாள்.

கிருபாசங்கர் வந்து, மனைவியின் அக்காளை அழைக்கிற முறையில், "சொல்லுங்க நங்கையா" என்றார். பாட்டரியிலிருந்து இறங்கும் கறுப்பு ஒயர் கியர்பாக்ஸில் எங்கே முடிகிறது, அந்த போல்ட்டை எப்படிக் கழற்றுவது, துருவைக் கத்தியால் வெள்ளை தெரியச் சுரண்டி எவ்வளவு இறுக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பட்டறையில் கேட்டுக் கேட்டுப் படிந்த அதே நிதானம். அவர் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினார். யாரோ நடக்கிற சத்தம், ஒரு குழந்தையின் சிணுங்கல். வெகுநேரம் கழித்து, தூரத்தில் இன்ஜின் உறுமியது. இந்தப் பக்கம் அவள் காதுக்கே கேட்டது.

சாந்தாமணிதான் ஃபோனுக்கு வந்தாள்.

"ஆயிருச்சுங்க்கா. மச்சான் வந்துட்டாருங்களா?"

"இல்ல. நாந்தான் சொன்னேன்."

"முதல்ல ஃபோன் பண்ணுனப்பவே தெரியுமாக்கா?"

ஆமாம் என்று சொல்லாமல் இருக்க நூறு வழி இருந்தது. இப்போதுதான் தோன்றியது என்றால் போதும், சாந்தாமணி நம்பிவிடுவாள். அவளுக்கு எதையும் நம்புவது சுலபம், கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்தவள்.

"தெரியும்" என்றாள் ராசாத்தாள்.

சாந்தாமணி அக்கா என்று கூப்பிடவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. பேசியபோது, அந்த இதம் குரலில் துளிகூட இல்லை.

"நான் வர்ற வரைக்கும் அந்தப் பேழைய யாரும் தொடக் கூடாது. நீயுந்தான்."

ஃபோன் வைக்கப்பட்டது. தங்கை தன்னிடம் இப்படி ஒருநாளும் பேசியதில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவளும் தன்னைப்போலவே ஒருத்தியாகத் தெரிந்தாள்.

கூடத்தில் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அருமைக்காரரிடம் போய், சாந்தாமணி புறப்பட்டுவிட்டாள், ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். பெரியத்தை ஏதோ முணுமுணுத்தாள். மனோஜ்குமார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "சின்னக்கா வாராளா?" என்றான்.

"வாரா" என்றாள்.

அவன் முகம் மலர்ந்ததை ராசாத்தாள் பார்த்தாள். நெஞ்சு முன்போலவே இறுகியது. ஆனாலும் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல், அது முழுக்க மலர்ந்து முடியும்வரை நின்று பார்த்தாள்.