இருநூறாம் எண் ரீல்

மஸ்கி மீன் பிடிக்கத் தூண்டில் ரீல் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பான அளவைத்தான் கேட்பார்கள். சிகாகோவிலிருந்து வரும் வக்கீல்கள் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதிலேயே பெரிய ரீலைக் காட்டச் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு அரை நாள் வீசினால் மணிக்கட்டு வீங்கிவிடும். உள்ளூர்க்காரர்கள் நேர் எதிர். வேறு மீனுக்கு வாங்கிய சின்ன ரீலே இதற்கும் போதும் என்று சாதிப்பார்கள். நான் இரண்டு கூட்டத்தோடும் மல்லுக்கு நிற்பேன். விஸ்கான்சினின் வடகோடியில் முப்பது வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன்; சண்டை போடாமல் ஒரு ரீல்கூட விற்றதில்லை.

என் முறை சுலபம். வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, ரீலை உள்ளங்கையில் வைப்பேன். இருநூறு, முந்நூறு, நானூறு என்று எண் ஏற ஏற ரீல் பருக்கும். கட்டைவிரல் தேடாமல் நூல் உருளையின் மேல் போய் உட்கார வேண்டும். அதற்கப்புறம்தான் முக்கியமான கேள்வி: எவ்வளவு நூல் வேண்டும்? மஸ்கி நாலடி வளரும் மீன். வாத்துக்குஞ்சை விழுங்கும். அது ஓடும்போது கொடுக்க நம்மிடம் நூல் இருக்க வேண்டும்.

பின்னல் நூலை உருளையின் வெறும் உலோகத்தில் சுற்றினால் வழுக்கும். அதனால் அடியில் ஒரு சுற்று டேப் ஒட்டுவோம். எல்லாரும் கறுப்பு ஒட்டுவார்கள். நான் என் சொந்த ரீல்களுக்கு மட்டும் நீல டேப் ஒட்டுவேன், கடைச் சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. ஊரில் இது எல்லாருக்கும் தெரியும், கேலியும் செய்வார்கள். இரண்டு வருடமாக நானும் கறுப்புதான் ஒட்டுகிறேன். ஏன் மாற்றினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் நிறத்தை மாற்றியும் ஹார்லன் விடவில்லை. யாருடைய ரீலிலாவது பழைய நூலை உருவிக்கொண்டே வருவேன். உருளை மெலிந்து, அடி டேப் எட்டிப் பார்க்கும் அந்த நேரத்தில் என் தோளுக்குப் பின்னால் அவன் குரல் கேட்கும். கத்த மாட்டான். பக்கத்தில் நின்று தகவல் சொல்வதுபோல் சொல்வான்.

"நீலம் தெரியுதுடா, வெர்ன்."

திரும்பிப் பார்ப்பேன். பொய்யிரைகள் தொங்கும் பலகை மட்டும் இருக்கும்.

ஹார்லன் டெஸ்மர் பத்தொன்பது வருடம் என் படகில் வந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், நவம்பரில், லாங் பைன் ஏரியில் என் கண் முன்னாலேயே படகிலிருந்து விழுந்து செத்தான். உடல் மறுநாள் கிடைத்தது. தூண்டில் கோல் கிடைக்கவில்லை. ஷெரீபிடமும், சர்ச்சிலும், அவன் மனைவி டெல்மாவிடமும் நான் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னேன். படகின் முன்தளத்தில் பனி உறைந்திருந்தது, கால் வழுக்கிவிட்டது. அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் யாரோ ஒருவரின் கொக்கியில் மாட்டி அந்தக் கோல் மேலே வந்தது. பிடியில் ஹார்லன் தன் பெயரைச் சூடு வைத்து எழுதியிருந்தான். அதனால் அது நேராக டெல்மா வீட்டுக்குப் போய்விட்டது. கோல் அவனுடையதுதான். அதில் மாட்டியிருந்த ரீல் என்னுடையது. அதை அவள் கவனிப்பாளா மாட்டாளா என்று அன்றிலிருந்து கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் ஆளில்லாத நேரத்தில் அவள் வந்தாள். ஹார்லனின் சிவப்புக் கட்டம் போட்ட வேட்டைக் கோட்டைப் போட்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். தனக்கு மஸ்கி பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறது, கைக்குச் சரியான ரீலாக நானே பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றாள்.

வாழ்நாளில் அவள் கொக்கியைத் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஹார்லனும் ஏரிக்குக் கிளம்பினால், இரண்டு கிழட்டு முட்டாள்கள் என்று வாசலில் நின்று வழியனுப்பியவள். எனக்குள் ஏதோ நெருடியது. ஆனாலும் கண்ணை மூடச் சொன்னேன். அவள் மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

முதலில் இருநூறாம் எண்ணை வைத்தேன். சின்னக் கை. கட்டைவிரல் உருளையின் மேல் அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

"இதுதான். கச்சிதமா இருக்கு."

"கைக்குச் சரி டெல்மா, மீனுக்குச் சரியில்ல. நானூறு எடுத்துக்கோ. கொஞ்சம் கனக்கும், பழகிடும்."

"கைக்குச் சரியா இருக்கணும்னுதானே எல்லார்கிட்டயும் சண்டை போடுவ?"

"இதுல நூல் பத்தாது. லாங் பைன்ல காத்து படகைத் தள்ளிட்டே இருக்கும். பெரிய மீன் ஒண்ணு எதிர்ப்பக்கம் ஓடினா உன்கிட்ட குடுக்க ஒண்ணும் இருக்காது. மஸ்கிக்கு இதை யாருக்கும் நான் குடுக்கவே மாட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"எத்தனை வருஷமா இது உனக்குத் தெரியும், வெர்ன்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் பையிலிருந்து என் இருநூறாம் எண் ரீலை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். கைப்பிடியில் பாசி காய்ந்திருந்தது. உருளையில் ஒரு சுற்று நூல்கூட இல்லை. இரண்டு வருடம் தண்ணீருக்கடியில் கிடந்தும் டேப் நீலமாகவே இருந்தது. பக்கத்தில் ஒரு நூல்கண்டை வைத்தாள்.

"இவ்வளவுதான் வெளியில இருந்துச்சு. முற்றத்துல இழுத்துப் பார்த்தேன். எங்க வீட்டுப் படியிலேர்ந்து தபால்பெட்டி வரைக்கும்கூட வரல."

நான் சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்று காலை ஹார்லனின் ரீலில் பல்சக்கரம் தேய்ந்து சுற்றவில்லை. என்னிடம் இரண்டு இருந்தன. நூல் நிறைந்த நானூறை நான் வைத்துக்கொண்டு, இருநூறை அவன் கோலில் மாட்டிக் கொடுத்தேன். கோடை முழுக்கப் பாறையில் சிக்கச் சிக்க அறுத்து, அதில் பாதி நூல் போயிருந்தது. புதிதாகச் சுற்றச் சோம்பல். அவனிடம் அதைச் சொல்லவுமில்லை. பத்து மணிக்குப் பாறைத் திட்டில் பெரிய மீன் ஒன்று அவனுக்குக் கடித்தது. மீன் ஆழத்துக்கு ஓடியது, காற்று எங்களை மறுபக்கம் தள்ளியது. மோட்டாரைப் போட்டு மீனைத் துரத்தியிருக்கலாம். நான் வலையைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெல்மா அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"நீலம் தெரியுதுடா வெர்ன்னு சொன்னான்."

"நீ என்ன சொன்ன?"

இரண்டு வருடமாக ஹார்லனின் குரலைக் கேட்டிருக்கிறேன். அதற்கு நான் சொன்ன பதிலை ஒரு தடவைகூட நினைக்கத் துணிந்ததில்லை.

"மீனை விட்டுடாதேன்னேன். அதுக்காகத்தான், குடுக்க நூல் இல்லாம, ஒரு அடி முன்னால வச்சான். அங்கதான் பனி இருந்துச்சு."

அவள் அந்த நீல டேப்பை விரலால் தடவினாள். பிறகு நானூறாம் எண்ணைக் காட்டி, அதில் நூல் சுற்றித் தரச் சொன்னாள்.

கையால் நூல் சுற்ற இரண்டு பேர் வேண்டும். புது நூலின் உருளையில் ஒரு பென்சிலைச் செருகி ஒருவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் ரீலைச் சுற்ற வேண்டும். பத்தொன்பது வருடம் எனக்கு எதிரில் ஹார்லன் பிடித்தான். இப்போது டெல்மா பிடித்தாள். கறுப்பு டேப்பை எடுத்தேன். நீலத்தை ஒட்டு என்றாள். இழுப்பறையின் அடியில் கிடந்ததைத் தேடி எடுத்து ஒட்டினேன். நூல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விறைத்து ஓடியது. அவள் கொஞ்சமும் தளர்த்தவில்லை. விளிம்பு தொடும்வரை சுற்ற வைத்தாள்.

வெட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். நானூறைப் பையில் போட்டுக்கொண்டு, இருநூறை என் பக்கம் தள்ளினாள்.

"இது உன்னுது. சனிக்கிழமை என்னை அந்தப் பாறைத் திட்டுக்குக் கூட்டிட்டுப் போற. நான் பெருசை வச்சுக்கறேன். நீ இதுல வீசு."

அதில் நூல் இல்லையே, சுற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேவலமாக ஒலித்தது.

அவள் அந்தச் சின்ன நூல்கண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"சுத்திக்கோ. இதை மட்டும்."

எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன். ஹார்லன் கிளம்பும் நேரத்துக்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.